புதுவைச் செம்மண்: நீர் எழுதிய கணக்கு

அகப்பொருள் மரபில் முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் ஆகும். தொல்காப்பியர் வகுத்த இவ்வரையறையை வகுப்பறையில் விளக்கும்போது நிலத்தை ஒருபுறமும் பொழுதை மறுபுறமும் வைத்து இரண்டாகவே பேசி வருகிறோம். ஆயின் இவ்விரண்டும் ஒன்றாகிக் கிடக்கும் பொருள் ஒன்று உண்டு. அது மண். பாறையாகிய நிலத்தின்மீது மழையும் வெயிலும் நெடும்பொழுது தொழிற்பட்டதன் விளைவே மண். ஒரு பிடி மண்ணில் எந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது, எது இல்லாமற் போயிற்று என அளந்தால், அந்நிலத்தில் நீர் எந்த அளவுக்கு வேலை செய்திருக்கிறது என்பதை மதிப்பிட முடியும். நிலவியலார் இதனைப் பாறைச் சிதைவு என்னும் தலைப்பின்கீழ் ஆராய்கின்றனர். நிலாவுக்கும் வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் அனுப்பப்பட்ட கருவிகள் போட்டுப் பார்த்ததும் இந்தக் கணக்கைத்தான்.

இக்கணக்கின் வரலாற்றில் புதுவைக்கும் அதனைச் சுற்றியுள்ள ஊர்களுக்கும் ஓர் இடம் உண்டு. அதனை நம் வட்டத்துக் கவிஞர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். புதுவை வரலாறு என்றதும் 1674, பிரான்சுவா மர்த்தேன், துய்ப்ளே, ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு என்று நினைவு ஓடுகிறது. காலின் கீழ்க் கிடக்கும் ஆவணத்தை எவரும் வரலாற்றில் சேர்ப்பதில்லை.

கடற்கரைச் சாலையிலிருந்து வடமேற்கே லாஸ்பேட்டை, கோரிமேடு நோக்கிச் செல்பவர், நிலம் மெல்ல மேலெழுவதையும் மணலின் வெளிறிய நிறம் மறைந்து சிவப்பு தொடங்குவதையும் காணலாம். ஏறத்தாழ 30 மீட்டர் உயரமே உள்ள இம்மேட்டுநிலத்தை ஐரோப்பியர் செங்குன்று என்ற பொருள்பட அழைத்தனர். வடக்கே ஆரோவில், பொம்மையார்பாளையம், வானூர் என அது விரிகிறது. இதன் அடியில் இருப்பது கடலூர் மணற்கல். 1860களில் தென்னார்க்காட்டுப் பாறைகளை ஆராய்ந்து எழுதிய என்றி பிளான்ஃபோர்டு காலத்திலிருந்து வழங்கிவரும் பெயர் இது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே மலைபோல் அகற்றப்பட வேண்டியிருப்பதும் இதே மணற்கல்தான். அதற்கும் கீழே, பழைய கடல் ஒன்றின் கிளிஞ்சல் படிவங்கள் உள்ளன. மேற்கே திண்டிவனம், செஞ்சிப் பக்கம் போனால் யாவற்றினும் மூத்த கருங்கல் வெளியே தலைகாட்டுகிறது.

செஞ்சிக் கோட்டையைப் பார்த்தவர்கள் அங்குள்ள உருண்டைக் கற்களை மறந்திருக்க முடியாது. ஒன்றன்மேல் ஒன்றாக, இப்போது உருளுமோ என்பதுபோல் அவை நிற்கின்றன. மனிதர் அடுக்கியவை அல்ல; பாறையின் வெடிப்புகளில் இறங்கிய நீர் மூலைகளை முதலில் தின்று, உள்ளிருந்த பகுதியை உருண்டையாக விட்டுச் சென்றது. வானத்திலிருந்து இறங்கும் மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிதளவு கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகவே பாறையைத் தொடுகிறது. கருங்கல்லில் பெரும்பங்கு ஃபெல்ஸ்பார் என்னும் கனிமம். அதிலுள்ள சோடியமும் கால்சியமும் முதலில் கரைந்து வெளியேறுகின்றன. பொட்டாசியம் சற்றுத் தாமதித்துப் போகிறது. சிலிக்காவில் ஒரு பகுதி இன்னும் மெதுவாகப் போகிறது. அலுமினியமும் இரும்பும் ஏறக்குறைய போவதே இல்லை. எஞ்சிய அலுமினியமும் சிலிக்காவும் சேர்ந்து வெண்களியாகின்றன. இரும்பு துருப்பிடிக்கிறது. அத்துருவில் ஹேமடைட் என்னும் கனிமம் மிகுந்தால் மண் சிவப்பாகவும், கோதைட் என்னும் கனிமம் மிகுந்தால் மஞ்சளாகவும் தோன்றுகிறது. பின்னதற்கு 1806இல் செர்மானியக் கவிஞர் கோதேயின் பெயரை இட்டனர். மண்ணுக்குள் ஒரு கவிஞர் பெயர் இப்படியும் நுழைந்திருக்கிறது.

ஆக, செம்மண்ணின் செம்மை ஓர் இழப்பின் நிறம். போகக் கூடியவை எல்லாம் போனபின் போக மாட்டாமல் நின்றதன் நிறம் அது.

செம்புலத்துப் பெயல்நீரை உவமையாக்கிய ஒரு பாட்டால், அதன் ஆசிரியருக்குச் செம்புலப்பெயனீரார் என்பதே பெயராகிவிட்டது. அவரது இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவ்வுவமையின் அழகை இவ்வட்டத்தில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆயின் அங்கு நிகழ்வதை ஒரு வேதியியலாரின் கண்ணால் பார்த்தால் இன்னொரு செய்தியும் புலப்படுகிறது. நீரைச் சிவப்பாக்குவது துரு போர்த்த நுண்ணிய களித்துகள். அது நீரில் கரைவதில்லை, மிதக்கிறது, நாள்பட அடியில் படிகிறது. உண்மையிலேயே நீரோடு ஒன்றாகக் கலந்து பிரியாமல் போவன சோடியம், கால்சியம் முதலிய உப்புகள். அவற்றுக்கு நிறமில்லை. இதனால் உவமைக்கு ஒரு குறைவும் இல்லை. புலவர் கண்ட நிறத்தோடு அவர் காணவியலாத நிறமற்ற ஒன்றும் அந்த நீரில் சென்றது என்பதே நாம் சேர்த்துக்கொள்ளத்தக்கது.

அப்படிச் சென்றவை எங்கே சேர்ந்தன? புதுவையைச் சுற்றி ஒருநாள் வண்டியில் போனாலே இதற்கு விடை கிடைக்கிறது.

முதலில் சிலிக்கா. வானூர் வட்டத்துத் திருவக்கரையில் சந்திரமௌலீசுவரர் கோயிலுக்கு அருகே கல்லாகிவிட்ட மரங்கள் கிடக்கின்றன. அவை வக்கிராசுரனின் எலும்புகள் என்பது ஊர்வழக்கு. ஐரோப்பியருள் இவற்றை முதலில் பதிவு செய்தவர் பிரெஞ்சு இயற்கையறிஞர் சொன்னேரா, ஆண்டு 1781. அடுத்த ஆண்டு பாரிசில் அவரது பயணநூல் வெளிவந்தது. 1940இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறை இவ்விடத்தைத் தேசியக் கல்மரப் பூங்காவாக்கியது. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் இழுத்துவந்து மணலில் புதைத்த மரங்கள் இவை என்கின்றனர். கிளையோ இலையோ வேரோ இல்லை. அடிமரம் மட்டுமே உள்ளது. ஆனால் ஆண்டு வளையமும் நாரும் கணுவும் அப்படியே தெரிகின்றன. மரம் மட்குவதற்கு முன் அதன் நுண்ணறைகளுக்குள் நிலத்தடி நீர் புகுந்து, தான் கரைத்துவந்த சிலிக்காவை ஓர் அறைகூட விடாமல் இட்டு நிரப்பியது. பாறை இழந்ததை மரம் பெற்றது. புளியின் இனத்தைச் சேர்ந்த மரமும் இவற்றுள் அடையாளம் காணப்பட்டுள்ளது என்பதைப் படித்தபோது, நம் சாலையோரப் புளியமரத்தின்மேல் எனக்குப் புதிய மதிப்புப் பிறந்தது.

அடுத்தது கால்சியம். அதே வானூர் வட்டத்தில் துருவை என்னும் ஊரின் பெயரால் வழங்கும் சுண்ணாம்புக்கல் படிவம் இருக்கிறது. கடலூர் மணற்கல்லைவிடப் பல கோடி ஆண்டுகள் மூத்தது. ஆகவே இன்றைய செம்மேட்டின் கால்சியம்தான் அங்கே போயிற்று என்று சொல்லக் கூடாது. அதற்கு முற்பட்ட ஏதோ ஒரு நிலத்தை மழை கரைத்துக் கடலுக்குக் கொண்டுசேர்த்த கால்சியம் அது. கடலுயிர்கள் அதனைக் காற்றிலிருந்து வந்த கரியமிலத்தோடு சேர்த்து ஓடாக்கின. ஓடுகள் படிந்து கல்லாயின.

இந்த நிகழ்ச்சியின் முழுப்பொருளையும் முதலில் கண்டவரும் ஒரு பிரெஞ்சுக்காரரே. சேவ்ர் நகரத்துப் பீங்கான் ஆலையில் பணியாற்றிய வேதியியலார் சாக் சோசப் எபெல்மென், பீங்கானுக்கு வேண்டிய வெண்களி எப்படிப் பிறக்கிறது என்ற கேள்வியிலிருந்து தொடங்கினார். பாறை சிதைந்து களியாகும்போதெல்லாம் காற்றிலிருந்து கரியமில வாயு குறைகிறது, அது கடைசியில் சுண்ணாம்புக்கல்லில் அடைபடுகிறது என்று 1845இல் எழுதினார். முப்பத்தேழு வயதில் இறந்தார். அவர் சொன்னது மறந்தே போயிற்று. 1952இல் அமெரிக்க அறிஞர் அரால்டு யூரே அதே முடிவைத் தாமாகவே மீண்டும் கண்டடைந்தார். ஒரு கோப்பையின் மண்ணைப் பற்றிய கேள்வி ஓர் உலகத்தின் காற்றைப் பற்றிய விடையில் முடிந்ததை, அறிவு வரலாற்றின் அரிய நிகழ்ச்சிகளுள் ஒன்றாகவே நான் கருதுகிறேன்.

எபெல்மென் கண்ட செயல் நடைபெறாத கோள் எப்படியிருக்கும் என்பதற்கு வெள்ளியே சான்று. அக்கோளைப் பார்ப்பதற்காகவே புதுவைக்கு வந்தவர் ஒருவர் உண்டு. வானியலார் லெ சாந்தீய் 1761இல் சூரியனை வெள்ளி கடப்பதை இங்கிருந்து காணப் புறப்பட்டார். அவர் வந்து சேருமுன் புதுவை ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. ஏறத்தாழ ஏழாண்டுகள் கீழைக்கடல்களில் காத்திருந்து, 1768இல் புதுவை வந்தார். அப்போதைய ஆளுநர் லா தெ லோரிஸ்தோன் இடிந்த கோட்டையின்மேல் அவருக்கு ஆய்வுக்கூடம் அமைத்துத் தந்தார். லாஸ்பேட்டை என்ற பெயர் இந்த ஆளுநரால் வந்ததென்பர். 1769 சூன் 4 காலை, கடக்கும் நேரத்தில் மட்டும் மேகம் மூடிற்று. முடிந்தபின் வெயில் எறித்தது. அவர் வெறுங்கையோடு திரும்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தமிழர் கிரகணங்களைக் கணிக்கும் முறையைக் கற்று எழுதினார். அரிக்கமேட்டின் பழஞ்சுவர்களைக் குறித்துவைத்தார்.

அவர் தேடிய கோளின் மண்ணை 1982 மார்ச்சில் சோவியத்து நாட்டின் வெனேரா 13, 14 ஆகிய கலங்கள் துளையிட்டு எடுத்து ஆய்ந்தன. எரிமலைக் கற்குழம்பு உறைந்த பாறையின் சேர்க்கையே கிடைத்தது. வெப்பம் ஏறத்தாழ 460 பாகை. காற்றின் அழுத்தம் நம்முடையதைப்போல் 90 மடங்கு. அக்காற்றில் நூற்றுக்கு 96 பங்கு கரியமிலம். நீர் இல்லாமையால் அதைப் பாறைக்குள் அடைக்க அங்கே வழியில்லை. பூமியிலும் ஏறத்தாழ அவ்வளவு கரியமிலம் உண்டு. அதன் பெரும்பகுதி துருவைப் படிவம் போன்ற சுண்ணாம்புக்கற்களில் அடைபட்டுக் கிடக்கிறது.

மீண்டும் நம் மேட்டுக்கு வருவோம். கரைந்த பொருள் எல்லாமே கடலுக்குப் போய்விடுவதில்லை. தென்னிந்தியாவின் பல இடங்களில் ஒரே பாறையின்மேல், மேட்டில் செம்மண்ணும் தாழ்வில் கரிசலும் அடுத்தடுத்து இருப்பதை மண்ணியலார் நெடுங்காலமாகக் கவனித்துள்ளனர். மேடு இழந்த கால்சியத்தையும் மக்னீசியத்தையும் தாழ்நிலம் பிடித்து வைத்துக்கொள்கிறது. அங்கே ஈரத்தில் வீங்கி வெயிலில் வெடிக்கும் வேறுவகைக் களி பிறக்கிறது. சுக்கான் கற்களும் திரள்கின்றன. கரிசல் இலக்கியத்தின் தலைமகனான கி. ராஜநாராயணன் பிறந்த ஊர் இடைசெவல். தென்பாண்டி நாட்டில் செவல் என்பது செம்மண் நிலத்தைக் குறிக்கும் சொல். கரிசற்சீமையின் நடுவே ஊர்ப்பெயரில் செம்மண்ணைக் கொண்டு பிறந்தவர், 1989இல் புதுவைப் பல்கலைக்கழகத்திற்கு வருகைதரு பேராசிரியராக வந்து, 2021இல் மறையும்வரை இந்தச் செம்மேட்டிலேயே, லாஸ்பேட்டையில், வாழ்ந்தார். 1982இலேயே கரிசல் வட்டார வழக்குச் சொற்களை அகராதியாக்கித் தந்தவர் அவர். நம் கவிஞர்கள் மண் மண் என்று எழுதிக் குவிக்கின்றனர். அது செவலா, கரிசலா, வண்டலா, களரா என்று கேட்டால் விடை வருவதில்லை. இக்குறையை அன்போடுதான் சொல்கிறேன்.

இழப்பை அளப்பதற்கு ஓர் எண் வேண்டும். அதனை 1982இல் நெஸ்பிட், யங் என்னும் இருவர் தந்தனர். கனடாவின் மிகப் பழைய களிக்கற்களை ஆய்ந்தவர்கள் அவர்கள். போகாமல் நிற்கும் அலுமினியத்தை ஒரு பக்கமும், போகக் கூடிய கால்சியம், சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றை மறுபக்கமும் வைத்து, மொத்தத்தில் அலுமினியத்தின் பங்கு நூற்றுக்கு எவ்வளவு என்று கணக்கிட்டனர். சிதையாத ஃபெல்ஸ்பாருக்கு இவ்வெண் 50. சிதைவு ஏற ஏற எண்ணும் ஏறும். சாதாரணக் களிக்கற்கள் 70 முதல் 75 வரை நிற்கும். எல்லாம் போய் வெண்களி மட்டுமே எஞ்சினால் 100. புதுவைச் செம்மண்ணைப் போன்றவற்றில் இதனைப் பயன்படுத்தும்போது ஓர் எச்சரிக்கை தேவை. கடலூர் மணற்கல் என்பதே மேற்கு மலைகள் ஒருமுறை சிதைந்து ஆறுகளால் வந்து சேர்ந்த மணல். அது இங்கே கிடந்து மீண்டும் சிதைந்தது. இரண்டு முறை கழுவப்பட்ட இம்மண்ணில் எந்த இழப்பு எந்தக் காலத்துக்குரியது என்று பிரித்தறிவது எளிதன்று. பல படிகளில் திருத்தம் பெற்ற ஏட்டுச்சுவடியில் மூலபாடத்தைத் தேடுபவர்களுக்கு இத்தொல்லை புரியும்.

நிலாவுக்கு இவ்வளவு சிக்கல் இல்லை. அங்கே மழையும் இல்லை, காற்றும் இல்லை. விண்கற்கள் மோதி மோதிப் பாறை தூளாகிறது. கரைந்து எதுவும் போவதில்லை. ஃபெல்ஸ்பார் எவ்வளவு நுண்ணிய பொடியானாலும் அதன் எண் 50ஐ ஒட்டியே நிற்கும், களி பிறப்பதில்லை. சந்திரயான் 2 கலத்தின் இறங்குகாலையும் ஊர்தியின் சக்கரத்தையும் சோதித்துப் பார்க்க இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்துக்கு நிலா மண் பல டன் தேவைப்பட்டபோது, அது நாமக்கல் மாவட்டத்தைத்தான் நாடியது. அங்குள்ள சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளில் நிலாவின் மேட்டுநிலப் பாறையை ஒத்த அனார்த்தொசைட் இருக்கிறது. சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியலாரும் இப்பணியில் உதவினர். செயற்கை நிலா மண் செய்யும் முறைக்கு 2020இல் காப்புரிமையும் கிடைத்தது.

இதில் நான் நின்று நினைத்துப் பார்த்த செய்தி ஒன்று உண்டு. நாமக்கல் மண் நிலாவுக்குப் போயிற்று என்று செய்தித்தாள்கள் எழுதின. போனது என்பதும் சரியன்று, மண் என்பதும் சரியன்று. பெங்களூருக்குச் சென்றது கல். அதனை உடைத்து, அரைத்து, நிலா மண்ணாக்கினர். சித்தம்பூண்டி வயலில் கிடக்கும் மண்ணை அள்ளிச் சென்றிருந்தால் பயன்பட்டிராது; ஏனெனில் அதன்மேல் மழை பெய்திருக்கிறது. மழை தொடாத உட்கல்லே நிலாவை ஒத்தது. நம் ஊர்க் கல்லும் நிலாக் கல்லும் உறவு. மண் என்று வரும்போது இரண்டுக்கும் உறவே இல்லை. 2023 ஆகஸ்டு 23 அன்று நிலாவின் தென்துருவத்துக்கு அணித்தாக இறங்கிய சந்திரயான் 3 கலத்தின் ஊர்தி பிரக்யான், நூறு மீட்டருக்குச் சற்று மேல் ஊர்ந்து 23 இடங்களில் மண்ணை அளந்தது. அங்கேயும் அனார்த்தொசைட் வகைச் சேர்க்கையே பெரிதும் மாறாமல் கிடைத்தது. அம்முடிவுகள் 2024இல் வெளிவந்தன.

செவ்வாய் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. செம்மையால் தமிழில் பெயர்பெற்ற அக்கோளை வடமொழியாளர் நிலமகள் மைந்தன் என்ற பொருளில் பௌமன், குஜன் என்றனர். சிவப்புக்குக் காரணம் அங்கும் இரும்பின் துருதான். அத்துரு நீரற்ற ஹேமடைட் என்றே பலகாலம் கருதினர். நீரைத் தன்னுள் கொண்ட வேறொரு துரு மிகுதி என 2025இல் வெளிவந்த ஆய்வு ஒன்று வாதிட்டது. 1976இல் வைக்கிங் கலங்கள் தொடங்கிய மண்ணாய்வை, 2012இல் இறங்கிய கியூரியாசிட்டி தொடர்ந்தது. அது முதலில் ஆராய்ந்த பழைய ஏரிக்களிக்கல்லில் நெஸ்பிட், யங் எண் தாழ்வாகவே இருந்தது. ஏரி இருந்தது உண்மை; ஆனால் அந்த ஏரிக்கு வண்டல் தந்த நிலம் அதிகம் கழுவப்படவில்லை. 2021இல் வேறொரு பள்ளத்தில் இறங்கிய பெர்சிவியரன்ஸ், வெளிறிய சிறுகற்களைக் கண்டது. அவற்றில் அலுமினியம் மிகுதி. வெண்களியின் அடையாளமும் உண்டு. அத்தகைய கல் பிறக்க நெடுநாள் நீர் வேண்டும். விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளர் கையில் பிசையும் களியின் உறவினம் அங்கே கேட்பாரற்று உதிர்ந்து கிடக்கிறது.

மண்ணிலிருந்து இத்தனையும் படிக்கலாம் என்றால் மண் இருந்த இடத்தில் இருக்க வேண்டும். புதுவைச் செம்மேட்டில் அது இருக்கவில்லை. காடு அழிந்தபின் ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் மேற்பரப்பு வழிந்தோடி, ஆழ்ந்த அரிப்புப் பள்ளங்கள் விழுந்தன. 1968இல் ஆரோவில் தொடங்கியபோது எடுத்த படங்களில் மரமற்ற செவ்வெளியே தெரிகிறது. முல்லையும் குறிஞ்சியும் முறைமையில் திரிந்தால் பாலையாகும் என்ற இளங்கோவடிகளின் கருத்துக்கு வேறு படம் தேட வேண்டியதில்லை. பின்னர் வரப்புக்கரைகள் எடுத்து, நீரை நிறுத்தி, மரம் வைத்தனர். அந்நிலத்துக்குரிய மரம் எது என்பதை அறியப் புத்துப்பட்டு ஐயனார் கோயிற்காடு போன்ற பழங்காடுகள் வழிகாட்டின. புதுவையில் 1955 முதல் இயங்கிவரும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தாரும் அக்கோயிற்காட்டை ஆராய்ந்துள்ளனர். பாலை மீண்டும் முல்லையாகலாம் என்பதற்கு இது கண்முன் நிற்கும் சான்று. ஆயினும் மரம் முப்பது ஆண்டில் வளர்ந்துவிடுகிறது. போன மண் அத்தனை விரைவில் வருவதில்லை. ஓர் அங்குல மண் உண்டாகப் பல நூறு ஆண்டுகள் வேண்டும்.

மழை ஒருபுறம் எடுக்க, மறுபுறம் நாம் எடுக்கிறோம். வீட்டுமனை நிரப்பவும் சாலை உயர்த்தவும் வானூர்ப் பக்கத்துச் செம்மண் வண்டி வண்டியாக வெட்டிச் செல்லப்படுகிறது. திருவக்கரையில் கல்மரங்களைச் சுற்றி வேலி இருக்கிறது. ஒரு துண்டை எடுத்தாலும் குற்றம். அம்மரங்களைக் கல்லாக்கிய நிலத்தின் மண்ணுக்கு அப்படி ஒரு வேலி இல்லை. வடகிழக்குப் பருவமழை வலுத்த மறுநாள் பொம்மையார்பாளையம் கரையில் நின்றால், ஓடைகள் சேருமிடத்தில் கடல் சிவந்திருக்கும். மூன்று நான்கு நாளில் அந்தச் சிவப்பு தெளிந்து கடல் பழைய நிறத்துக்கு வந்துவிடுகிறது.